மூடியில் 1959 என்று கொட்டை எழுத்தில் இருந்தால்

பழைய ரிஸ்க் விளையாட்டுப் பெட்டி ஒன்றின் மூடியில் 1959 என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தால், அது பெரும்பாலும் 1959இல் செய்தது இல்லை. அந்த வருடத்தில் உண்மையாகவே அச்சான பெட்டிக்குத் தன் வயதைச் சொல்லிப் பெருமைப்பட ஒரு காரணமும் இருக்கவில்லை. அப்போது அது கடைக்குப் புதிதாக வந்த சாமான். வயதை மூடியிலேயே பறையடிப்பவை, ‘பழைய மாதிரி’ என்று சொல்லி விற்பதற்காகப் பிற்காலத்தில் செய்த மறுபதிப்புகள். அமெரிக்காவில் வின்னிங் மூவ்ஸ் என்ற நிறுவனம் மரக் காய்களோடு அப்படி ஒன்றைப் போட்டிருக்கிறது. விளையாடுவதற்கு அருமையான பெட்டி. பழையது என்று நினைத்துக் காசு கொடுத்தால்தான் வயிறு எரியும்.

லண்டனில் இருக்கும் மச்சான் ஒருவர் இப்படி ஒரு மூடியின் படத்தை வாட்ஸ்அப்பில் போட்டு, “டேய், ஒரிஜினல் கிடைச்சிட்டு!” என்று துள்ளினார். பெட்டியைக் கவிழ்த்து அடிப்பக்கத்தை எடுக்கச் சொன்னேன். பார்கோட், இணைய முகவரி, சிறுவர் விழுங்கிவிடக்கூடும் என்ற எச்சரிக்கை, எல்லாம் வரிசையாக இருந்தன. 1959இல் பார்கோட் ஏது? கடையில் பார்கோடை வைத்து முதன்முதலில் பொருள் விற்றதே 1974இல்தான், அதுவும் ஒரு சூயிங்கம் பக்கெட்.

ரிஸ்க் விளையாடாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். பலகையில் உலகப் படம், 42 நிலப்பகுதிகள், 6 கண்டங்கள். படைகளை வைத்து, தாயக்கட்டை உருட்டி, பக்கத்து நிலத்தைப் பிடிக்க வேண்டும். இதை உருவாக்கியவர் அல்பேர் லமொரிஸ் என்ற பிரெஞ்சுத் திரைப்பட இயக்குநர். ஒரு சிறுவனையும் சிவப்பு பலூனையும் வைத்து எடுத்த குறும்படத்துக்காக ஒஸ்கார் வாங்கியவர். 1957இல் மீரோ நிறுவனம் பிரான்சில் இதை ‘உலகை வெல்லுதல்’ என்ற பெயரில் வெளியிட்டது. 1959இல் பார்க்கர் பிரதர்ஸ் அமெரிக்காவுக்குக் கொண்டுபோய் ரிஸ்க் ஆக்கியது. பிரித்தானியாவில் லீட்ஸ் நகரத்து வாடிங்டன்ஸ் போட்டது. இலங்கைக்கு அந்தப் படத்தில் தனி இடம் கிடையாது. இந்தியாவைப் பிடித்தவனிடம் நாங்களும் சேர்த்தியாகப் போய்விடுவோம்.

நான் மட்டக்களப்பில் இருந்துகொண்டு இதைச் சேர்க்கிறேன் என்றால் பலர் சிரிக்கிறார்கள். இங்கே பழைய விளையாட்டுப் பெட்டி விற்கும் கடையே கிடையாது என்பது உண்மைதான். ஆனால் மட்டக்களப்புக்காரனுக்கு லண்டனிலும் டொரண்டோவிலும் சூரிச்சிலும் சொந்தம் இருக்கிறது. அங்கே தர்ம ஸ்தாபனங்கள் நடத்தும் பழைய சாமான் கடைகளில் 1970களின், 1980களின் ரிஸ்க் ஒரு மதியச் சாப்பாட்டுக் காசுக்கே கிடைக்கும். ஊருக்கு வரும்போது சூட்கேசில் ஓரமாக வைத்துக் கொண்டுவருவார்கள், இல்லாவிட்டால் கார்கோப் பெட்டியில் சொக்லேட்டுக்கும் பால்மாவுக்கும் நடுவில் வரும்.

உள்ளூரிலும் இல்லாமல் இல்லை. புனித மிக்கேல் கல்லூரியில் அமெரிக்க இயேசு சபைத் துறவிகள் நெடுங்காலம் இருந்தார்கள். வெபர் மைதானம் அவர்களில் ஒருவரான ஹரல்ட் வெபர் அடிகளாரின் பெயரில்தான் இருக்கிறது. அந்தக் காலத்து மாணவர்களின் வீட்டு அலுமாரிகளில் அமெரிக்க அச்சுப் புத்தகங்கள் தட்டுப்படும், எப்போதாவது ஒரு விளையாட்டுப் பெட்டியும் தட்டுப்படும். தாண்டவன்வெளிப் பக்கம் பறங்கியர் (ஐரோப்பிய வம்சாவளியினர்) வீடுகளில் இன்னும் சில இருந்திருக்க வேண்டும். இருந்தவற்றில் எத்தனை மிஞ்சியிருக்கும் என்பது வேறு கதை. 1978 நவம்பர் சூறாவளி கூரைகளைக் கொண்டுபோனது. அப்புறம் சண்டைக் காலம், ஓடும்போது யாரும் விளையாட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. 2004இல் சுனாமி டச்பாரையும் கல்லடிக் கடற்கரையையும் துடைத்தது. 2011 ஜனவரி வெள்ளம் மிச்சத்தை நனைத்தது. ஆகவே இங்கே ஒரு பழைய பெட்டி முழுசாகக் கிடைத்தால், அது எந்த வருடத்துப் பதிப்பாக இருந்தாலும் நான் எடுத்து வைப்பேன். லண்டனிலிருந்து வருவதற்கு அந்தச் சலுகை இல்லை.

சரி, வயதைக் கண்டுபிடிக்கும் விஷயத்துக்கு வருவோம். முதலில் மனதில் வைக்க வேண்டியது, பெட்டியிலும் விதிப்புத்தகத்திலும் பொடி எழுத்தில் இருக்கும் ஆண்டு பதிப்புரிமை ஆண்டு, செய்த ஆண்டு அல்ல. 1963 என்று இருந்தால் அந்தப் பெட்டி 1963க்கு முந்தியது இல்லை என்பது மட்டும்தான் நிச்சயம். அதே அச்சுத் தகட்டை வைத்துப் பல வருடங்கள் அடித்துக்கொண்டே இருப்பார்கள். விற்பவர்கள் இந்த ஆண்டைத்தான் ‘செய்த வருடம்’ என்று எழுதிப்போடுகிறார்கள். பொய் சொல்கிறார்கள் என்றில்லை, அவர்களுக்கும் அவ்வளவுதான் தெரியும்.

அதனால் ஆண்டைவிட நிறுவனத்தின் பெயர் எப்படிப் போட்டிருக்கிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். பார்க்கர் பிரதர்ஸை 1968இல் ஜெனரல் மில்ஸ் வாங்கியது. ஆமாம், காலைச் சாப்பாட்டுத் தானியம் விற்கும் அதே கம்பனி. ஆகவே பார்க்கர் பெயருக்குக் கீழே ஜெனரல் மில்ஸ் என்று பொடி எழுத்தில் இருந்தால், பதிப்புரிமை ஆண்டு 1959 என்றாலும் 1963 என்றாலும் பெட்டி 1968க்குப் பிந்தியது. 1985இல் அது கெனர் பார்க்கர் ஆனது, 1987இல் டொங்கா வாங்கியது, 1991இல் எல்லாம் ஹாஸ்ப்ரோ கைக்குப் போனது. வாடிங்டன்ஸின் விளையாட்டுப் பிரிவை 1994இல் ஹாஸ்ப்ரோ வாங்கியது. இந்தச் சில வருடங்களை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது.

அடுத்தது முகவரி. அமெரிக்காவில் சிப் (ZIP) என்ற ஐந்து இலக்கத் தபால் குறியீடு 1963இல் வந்தது. மாநிலப் பெயரை இரண்டு எழுத்தில் சுருக்கும் வழக்கமும் அதோடுதான் வந்தது. ஐந்து இலக்க எண்ணோடு முகவரி இருந்தால் அது 1963க்குப் பிறகு அடித்த அச்சு. பிரித்தானியாவில் பழைய முகவரிகளில் ஊர்ப் பெயருக்குப் பின்னால் வெறும் இலக்கம் மட்டும் நிற்கும். எழுத்தும் எண்ணும் கலந்த இன்றைய தபால் குறியீடு நாடு முழுவதும் வந்து முடிந்தது 1974இல். முகவரியே இல்லாத பெட்டியும் உண்டு. அப்போது விலைச் சீட்டைத் தேடுவேன். பிரித்தானியா ஷில்லிங், பென்ஸ் கணக்கை 1971 பெப்ரவரியில் கைவிட்டது. ஷில்லிங்கில் விலை எழுதிய சீட்டு ஒட்டியிருந்தால், அந்தப் பெட்டி அதற்கு முன்பே கடைக்கு வந்துவிட்டது. இதனால்தான் பழைய விலைச் சீட்டை உரிக்காதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். நம் ஆட்களுக்கு ஒரு சாமான் கைக்கு வந்ததும் முதல் வேலை ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டுவது. சூரிச்சில் இருக்கும் பெரியம்மா ஒரு தடவை பெட்டியைச் சவர்க்காரம் போட்டுத் துடைத்து, பளபளவென்று அனுப்பிவைத்தார். அன்பாகச் செய்த வேலை, என்ன சொல்வது?

காய்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏமாற்றமும் மகிழ்ச்சியும் அங்கேதான். முதல் பதிப்புகளில் காய்கள் மரத்தால் ஆனவை. கறுப்பு, நீலம், பச்சை, ரோஸ், சிவப்பு, மஞ்சள் என்று ஆறு நிறம். சின்னக் கனசதுரம் ஒரு படை, முனை மழுங்கிய முக்கோணக் கட்டை பத்துப் படை. அப்புறம் செலவைக் குறைப்பதற்காக அதே உருவங்களைப் பிளாஸ்டிக்கில் வார்த்தார்கள். படத்தில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். கையில் எடுத்தால் தெரிந்துவிடும். பிளாஸ்டிக்கில் அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த கோடு மெல்லியதாக ஓடும். மரத்தில் சாயம் ஒரு பக்கம் அடர்த்தியாகவும் ஒரு பக்கம் வெளிறியும் இருக்கும், விளிம்புகள் ஒரே அளவாக இருக்காது. மேசையில் போட்டால் சத்தமே வேறு.

1980களில் ரோமன் எண் வடிவில் 1, 3, 5, 10 என்று காய்கள் வந்தன. எனக்குப் பிடித்தவை இவைதான். நான் முதலில் விளையாடியது இவற்றோடு என்பதால் அப்படிச் சொல்கிறேன் என்று நினைக்கலாம், அதுவும் ஒரு காரணம்தான். ஊரடங்கு இரவுகளில் மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்திலும் எது ஐந்து, எது பத்து என்று தடவிப் பார்த்தே சொல்லலாம். எங்கள் அம்மாவுக்கு மட்டும் இந்த விளையாட்டைக் கண்ணில் காட்டக்கூடாது. “வெளிய நடக்கிறது காணாதா, வீட்டுக்குள்ளயும் ஆமி வேணுமா?” என்பார்.

1993 பதிப்பில் சின்னச் சின்னப் போர்வீரன், குதிரைவீரன், பீரங்கி வந்தன. வீரன் ஒன்று, குதிரை ஐந்து, பீரங்கி பத்து. 40ஆவது ஆண்டு நினைவுப் பதிப்பில் இதே உருவங்கள் உலோகத்தில் வந்தன. அந்தப் பதிப்பின் பலகையில் ஒரு வேடிக்கையும் உண்டு. கிழக்கு ஆபிரிக்காவுக்கும் மத்திய கிழக்குக்கும் நடுவில் வழக்கமாக இருக்கும் தொடர்பு அச்சில் விடுபட்டுப்போனது. பிறகு வந்த அச்சுகளில் திருத்திவிட்டார்கள். யாராவது உலோகக் காய்ப் பெட்டி என்று சொன்னால் நான் முதலில் அந்த இடத்தைத்தான் படமெடுத்து அனுப்பச் சொல்வேன்.

இப்போது கலப்புப் பெட்டி. இரண்டு அரைகுறைப் பெட்டிகளைச் சேர்த்து ஒன்றாக்கி விற்பது எல்லா நாட்டிலும் நடக்கிறது, அதில் கெட்ட எண்ணம் இருக்க வேண்டும் என்றும் இல்லை. இதைக் கண்டுபிடிக்க விதிப்புத்தகத்தைக் காய்களோடு ஒப்பிட வேண்டும். குதிரை ஐந்துக்குச் சமம் என்று புத்தகம் சொல்கிறது, பெட்டிக்குள் கனசதுரம் இருக்கிறது என்றால் இரண்டில் ஒன்று வேறு வீட்டிலிருந்து வந்தது. ஆனால் ஒரு எச்சரிக்கை: சீட்டுகளில் வீரன், குதிரை, பீரங்கிப் படங்கள் ஆரம்பத்திலிருந்தே உண்டு. மரக்காய்ப் பெட்டியில் குதிரைப் படம் போட்ட சீட்டு இருப்பதைப் பார்த்துப் போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள். சீட்டுகளை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு நிலத்துக்கும் ஒன்றாக 42, அத்துடன் எதற்கும் பொருந்தும் சீட்டு 2, மொத்தம் 44. காணாமல்போவது அநேகமாக அந்த இரண்டுதான். அவற்றைச் சாதாரணச் சீட்டுக்கட்டில் ஜோக்கராகப் பயன்படுத்திவிட்டு அங்கேயே விட்டுவிடுவார்கள்.

கலப்பைக் காட்டிக்கொடுக்கும் இன்னொன்று வெயில். ஒரே அறையில் ஒரே பெட்டிக்குள் இருந்த சாமான்கள் ஒரேமாதிரி வெளிறும், ஒரேமாதிரி மணக்கும். சீட்டு பழுப்பாகி, விதிப்புத்தகம் மட்டும் வெள்ளைவெளேர் என்று இருந்தால் யோசிக்க வேண்டும். பலகையின் மடிப்பில் துணி நைந்திருக்க, பெட்டியின் மூலைகள் கூராக இருந்தாலும் அப்படித்தான்.

சுவிஸிலிருந்து வருபவற்றில் ஜெர்மன், இத்தாலியப் பதிப்புகளும் கலந்து வரும். பெயரின் எழுத்திலேயே தெரியும், ஜெர்மனில் ரிசிகோ, இத்தாலியில் எடிட்ரிச்சே ஜியோக்கி போட்ட ரிசிகோவுக்கு வாலில் ஒரு ஆச்சரியக்குறி. விளையாட்டில் சேரும் சீட்டுகளைக் கூட்டமாகக் கொடுத்துக் கூடுதல் படை வாங்கலாம். சில ஐரோப்பியப் பதிப்புகளில் அப்படிக் கிடைக்கும் படையின் அளவு எந்தச் சீட்டுகள் என்பதைப் பொறுத்து நிலையாக இருக்கும். பார்க்கர் விதியில் யார் மாற்றினாலும் அடுத்தடுத்து 4, 6, 8, 10, 12, 15 என்று ஏறிக்கொண்டே போகும். விதிப்புத்தகம் இல்லாமல் வந்த பலகையை எந்த விதியில் விளையாடுவது என்று சண்டை வந்தால், பெட்டி எந்த நாட்டு அச்சு என்று பார்த்து முடித்துவைக்கலாம்.

நம் வீடுகளில் ரிஸ்கைவிட அதிகம் கிடைப்பது வாடிங்டன்ஸின் லண்டன் மொனோபொலி. அதற்கும் மேலே சொன்னவை பொருந்தும். 1936 முதல் வந்துகொண்டிருப்பதால் வரிசை நீளம். அதில் போர்க்காலப் பெட்டி ஒன்று என்றாவது கைக்கு வர வேண்டும் என்பது என் ஆசை. இரண்டாம் உலகப்போர் சமயத்தில் உலோகம் கிடைக்காமல், அட்டையில் காய் வெட்டி மரத்துண்டில் செருகி, தாயக்கட்டைக்குப் பதில் சுழலும் முள் வைத்து விற்றார்கள். பார்த்தால் உடைந்த பெட்டிக்கு யாரோ வீட்டில் செய்து போட்டதுபோல இருக்கும். அப்படி நினைத்தே எத்தனை பேர் குப்பையில் போட்டார்களோ.

வாங்குவதற்கு முன் நான் கேட்கும் படங்கள் இவைதான்: பெட்டியின் அடிப்பக்கம், நான்கு மூலைகள், விதிப்புத்தகத்தின் கடைசிப் பக்கம், காய்களை நிறம்வாரியாகப் பிரித்து வைத்த ஒன்று. மூடிப் படம் எனக்கு வேண்டாம், அதை எல்லோரும் தாங்களாகவே அனுப்புவார்கள். டொரண்டோவில் இருக்கும் மாமியிடம், “மாமி, பெட்டியக் கவிழ்த்து ஒருக்கா படம் எடுத்து அனுப்புங்க” என்றால், “என்ன மனே, உள்ள சாமான விட்டுட்டு அடியையும் மூலையையும் கேக்கிறாய்?” என்று சிரிப்பார். ஆனால் எடுத்து அனுப்பிவிடுவார்.

வாங்கிய பிறகுதான் எங்கள் ஊருக்கென்று தனி வேலை இருக்கிறது. லண்டனில் ஐம்பது வருடம் பரணில் கிடந்த அட்டை இங்கே ஒரு மாரி தாங்காது. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி, நவம்பர் தொடங்கினால் ஜனவரிவரை மழை. அட்டைக்குள் ஈரம் ஏறி, ஒட்டிய தாள் கொப்பளித்து, பூஞ்சணம் பிடிக்கும். பலர் செய்வது பொலித்தீன் உறையில் இறுக்கிக் கட்டிவைப்பது. உள்ளே இருக்கும் ஈரமும் சேர்ந்து அடைபட்டுவிடுவதால் அது இன்னும் மோசம். காய்ந்த காலத்தில், பங்குனி சித்திரையில், பெட்டியைத் திறந்து நிழலில் காற்றாட வைத்து, அதன் பிறகு காற்றுப்புகாத பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைக்கிறேன். புதுச் சப்பாத்துப் பெட்டியில் வருமே, அதேதான். முற்றத்து வெயிலில் மட்டும் போடாதீர்கள். பலகை வளைந்துவிடும், சிவப்பும் மஞ்சளும் வெளிறிவிடும்.

பூச்சிக்கு நம்மவர்கள் உடனே அந்துருண்டை போடுவார்கள். துணிக்கு அது சரி. பிளாஸ்டிக் காய்களோடு சேர்த்துவைத்தால் அந்த ஆவி சிலவகைப் பிளாஸ்டிக்கை இளகச் செய்து காய்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடும். இராமபாணப் பூச்சி இருக்கிறது என்று சந்தேகம் வந்தால் சீட்டுகளையும் விதிப்புத்தகத்தையும் உறையில் காற்றை வெளியேற்றி மூடி, டீப் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்தால் போதும். வெளியே எடுத்ததும் உறையைத் திறக்கக் கூடாது, அறைச் சூட்டுக்கு வந்தபிறகுதான். இல்லாவிட்டால் தாளில் தண்ணீர் கோர்க்கும். ஃப்ரீசர் மீனுக்கா கடதாசிக்கா என்ற வழக்கை வீட்டில் அவரவர் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். கறையானுக்கு மருந்து, சுவரில் சாய்த்து வைக்காமல், தரையில் வைக்காமல் இருப்பது. இரும்பு அலுமாரி நல்லது.

ரப்பர் பேண்ட் போட்டுச் சீட்டுகளைக் கட்டாதீர்கள், இந்த வெக்கையில் உருகி ஒட்டிக்கொள்ளும். கிழிந்த மூலைக்கு செலோடேப் வேண்டவே வேண்டாம். சில வருடத்தில் பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிடும், பிறகு எடுக்க முடியாது. மெல்லிய தாளும் கோதுமை மாப் பசையும் போதும், ஆனால் பசை பூச்சிக்குச் சாப்பாடு என்பதால் கொஞ்சமாகத்தான். பிளாஸ்டிக் காயை இளஞ்சூட்டுத் தண்ணீரில் சவர்க்காரம் கரைத்துக் கழுவலாம். மரக்காயைத் தண்ணீரில் போட்டால் சாயம் போய்விடும். காய்ந்த பிரஷ் போதும்.

விலையைப் பற்றி என் கருத்து: பழையது என்பதற்காக மட்டும் அதிகம் கொடுக்காதீர்கள். 1970, 80களின் ரிஸ்க் உலகத்தில் குவிந்து கிடக்கிறது. விதிப்புத்தகம், 44 சீட்டு, உடையாத மூலை எல்லாம் சேர்ந்த முதல் மரக்காய்ப் பதிப்பு, 1957 பிரெஞ்சுப் பதிப்பு, இவைதான் தேடவேண்டியவை. மற்றதெல்லாம் விளையாட வாங்குங்கள்.

அப்படி ஒரு மரக்காய்ப் பெட்டியை நான் கையில் எடுத்துப் பார்த்தது அக்கரைப்பற்றில், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் வீட்டில். அவரோடு படிப்பித்த அமெரிக்கர் ஒருவர் நாடு திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போனதாம். முகவரியில் சிப் குறியீடு இல்லை, ஜெனரல் மில்ஸ் இல்லை, சீட்டு முழுதாக இருக்கிறது. மஞ்சள் காய்கள் மட்டும் குறைகின்றன. குறைந்த இடத்துக்குப் புளியங்கொட்டையில் மஞ்சள் கியூட்டெக்ஸ் (நகப்பூச்சு) பூசிப் போட்டிருக்கிறார்கள். சந்தைக் கணக்கில் அது குறையுள்ள பெட்டி. வெளிநாட்டுச் சேகரிப்பாளன் என்றால் புளியங்கொட்டையை எறிந்துவிட்டு வேறு மஞ்சள் காய் வாங்கி நிரப்புவான். நான் செய்யமாட்டேன். அவை அந்தப் பெட்டி எங்கே இருந்தது, யார் விளையாடினார்கள் என்பதற்கான சான்று. எந்த முகவரி வரியும் அதைச் சொல்லாது. வேறு காய் சேர்ப்பதானால் சேர்க்கட்டும், பழையதைத் தனி உறையில் போட்டு, எப்போது, எங்கிருந்து சேர்த்தது என்று பென்சிலால் எழுதி உள்ளேயே வைக்க வேண்டும். பேனாவால் எழுதக்கூடாது, மை ஊறும்.

“தருவீங்களா சேர்?” என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். “இது விக்கிற சாமான் இல்ல தம்பி. பேரப்புள்ளைகள் நோன்பு லீவுக்கு வந்தா இதுதான் வேலை” என்றார். படம் எடுத்துக்கொள்ள மட்டும் விட்டார். விதிப்புத்தகத்தின் பிரதி ஒன்று கேட்டிருக்கிறேன், அடுத்த முறை எடுத்துவைப்பதாகச் சொல்லியிருக்கிறார். பதிலுக்கு அவருக்குக் கொஞ்சம் மஞ்சள் மரக்கட்டை தேடிக்கொண்டிருக்கிறேன். லண்டன் மச்சானின் அந்த மறுபதிப்புப் பெட்டியில் நிறைய இருக்கிறது, ஆனால் அவர் இன்னும் அதை ஒரிஜினல் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.